குதிரைச் சவாரியில் கால் நிலையும் அமர்வும்: இடுப்பிலிருந்து தொடங்கித் திருத்தும் முறை

சவாரித் திடலில் அதிகம் கேட்கும் கட்டளை "குதிகாலைக் கீழே அழுத்து" என்பதுதான். புதிதாகப் பழகுபவர் அதைக் கேட்டதும் கணுக்காலை விறைத்துக் குதிகாலைத் தள்ளுவார். குதிகால் இறங்கும், கூடவே பாதம் முன்னால் போகும், முழங்கால் விறைக்கும், பிட்டம் சேணத்தின் பின்மேட்டை நோக்கி நழுவும். இரண்டு சுற்று முடிவதற்குள் நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்த நிலைக்கு வந்துவிடுவார். உடனே "முதுகை நிமிர்த்து" என்று அடுத்த குரல் வரும். அவர் அடிமுதுகை உள்ளே வளைத்து நெஞ்சைத் தூக்குவார். ஒரு தவறைத் திருத்தப்போய் மூன்று தவறுகள் சேர்ந்துவிட்டன.

கால் தொங்குவது இடுப்பு மூட்டிலிருந்து. இடுப்பு எப்படி அமர்ந்திருக்கிறதோ அப்படித்தான் தொடை விழும். தொடை விழும் கோணத்தைப் பொறுத்து முழங்கால் நிற்கும். முழங்காலைப் பொறுத்துக் கெண்டைக்கால் குதிரையின் விலாவைத் தொடும். குதிகால் இந்த வரிசையில் கடைசி. மேலே சரியாக இருந்தால் அது தானாக இறங்கும். மேலே தவறாக இருந்தால் எவ்வளவு அழுத்தினாலும் பயனில்லை. ஆகவே திருத்தமும் மேலிருந்து கீழாகத்தான் வர வேண்டும். இங்கே சொல்வது ஆங்கிலச் சேணத்தில், சமதளத்தில் செய்யும் சவாரிக்கு. தடை தாண்டுவதற்கான மாறுதல் பின்னால் வருகிறது.

எது சரியான நிலை

பக்கவாட்டில் நின்று பார்க்கும்போது காது, தோள், இடுப்பு மூட்டு, குதிகால் நான்கும் ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்க வேண்டும். இதைச் சோதிக்க எளிய கேள்வி ஒன்று உண்டு: குதிரையை இந்த நொடியில் கீழிருந்து உருவிவிட்டால், நீங்கள் இரண்டு காலிலும் நிற்பீர்களா, பின்னால் விழுவீர்களா, முன்னால் கவிழ்வீர்களா? நாற்காலி அமர்வில் இருப்பவர் கண்டிப்பாகப் பின்னால் விழுவார். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் குதிரையேற்றத்தைப் பற்றி எழுதிய கிரேக்கத் தளபதி செனபோனும் இதையேதான் சொன்னார்: நாற்காலியில் அமர்வது போல் இருக்கக் கூடாது, கால்களை அகட்டி நிமிர்ந்து நிற்பது போல் இருக்க வேண்டும். அவர் காலத்துக் கிரேக்கர்களுக்கு அங்கவடியே (சேணத்திலிருந்து தொங்கும், பாதம் வைக்கும் வளையம்) கிடையாது என்பதை நினைத்துப் பாருங்கள். சமநிலைக்கு அங்கவடி தேவையில்லை. அது உதவி மட்டுமே.

இன்னொரு அடையாளம் அங்கவடி வார். நீங்கள் சரியாக அமர்ந்திருந்தால் அந்த வார் தரைக்குச் செங்குத்தாகத் தொங்கும். முன்னால் சாய்ந்திருந்தால் பாதம் முன்னே போய்விட்டது. பின்னால் சாய்ந்திருந்தால் கால் பின்னே இழுபட்டிருக்கிறது. யாரிடமும் கேட்காமல் ஒரே ஒரு புகைப்படத்தில் இதைக் கண்டுபிடித்துவிடலாம்.

தரையிலேயே செய்ய வேண்டியது

குதிரை ஏறுவதற்கு முன் உங்கள் இருக்கை எலும்புகள் எங்கே இருக்கின்றன என்று தெரிந்திருக்க வேண்டும். மெத்தை இல்லாத மர நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் மேல்நோக்கி வைத்துப் பிட்டத்துக்கு அடியில் நுழையுங்கள். உருண்டையாக இரண்டு எலும்புகள் கையில் குத்தும். இப்போது அடிமுதுகை உள்ளே வளைத்தால் அந்த எலும்புகள் பின்நோக்கித் திரும்பி, எடை தொடை இடுக்குக்கு வரும். முதுகைக் கூன் போட்டால் எலும்புகள் முன்நோக்கித் திரும்பி, எடை வால் எலும்புப் பக்கம் போகும். இரண்டுக்கும் நடுவே எலும்புகள் நேராகக் கீழ்நோக்கிக் குத்தும் இடம் ஒன்று இருக்கிறது. அதுதான் சேணத்தில் நீங்கள் தேட வேண்டிய இடம். பத்து முறை முன்னும் பின்னும் உருட்டிப் பழகினால், சேணத்தில் அதைக் கண்டுபிடிக்கச் சில நொடிகள் போதும்.

நாள் முழுக்க மேசை முன் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்குத் தொடையின் முன்பக்கத் தசைகள் சுருங்கியிருக்கும். அவர்கள் சேணத்தில் காலைக் கீழே விட முயன்றால் தசை இழுத்து, முழங்கால் மேலே வரும். அல்லது இடுப்பு முன்னால் கவிழ்ந்து அடிமுதுகு வளையும். இதற்கு ஒற்றை முழங்கால் மண்டியிட்டுச் செய்யும் நீட்டல் நல்லது: ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, மற்ற காலை முன்னால் மடித்து வைத்து, பிட்டத்தை இறுக்கியபடி இடுப்பை மெல்ல முன்னால் தள்ளுங்கள். 30 நொடி, பக்கத்துக்கு மூன்று முறை. கெண்டைக்காலுக்குப் படிக்கட்டின் விளிம்பில் பாதத்தின் முன்பகுதியை மட்டும் வைத்து நின்று, குதிகாலை மெதுவாகக் கீழே விடுங்கள். குதித்துக் குதித்துச் செய்யக் கூடாது. வாரத்தில் நான்கைந்து நாள் செய்தால் சில வாரங்களில் சேணத்தில் வித்தியாசம் தெரியும். சவாரி நாளில் மட்டும் செய்வது போதாது.

ஆளைக் குறை சொல்லும் முன் சேணத்தைப் பாருங்கள்

பல மாதங்கள் திட்டு வாங்கியும் திருந்தாத நாற்காலி அமர்வுக்குச் சேணமே காரணமாக இருப்பது உண்டு. குதிரையைச் சமதளத்தில் நிறுத்தி, சேணத்தைப் பக்கவாட்டில் பாருங்கள். இருக்கையின் மிகத் தாழ்ந்த இடம் நடுவில் இருக்க வேண்டும். முன்மேடு உயர்ந்து பின்பக்கம் தாழ்ந்திருந்தால், எப்படி உட்கார்ந்தாலும் நீங்கள் பின்னால் வழுக்குவீர்கள், கால் முன்னால் போகும். இதற்கு முதல் காரணம் சேணத்தைத் தோளின் மேல் ஏற்றிப் போட்டிருப்பது. கொஞ்சம் முன்னால் வைத்து, ரோமம் படியும் திசையில் பின்னுக்கு நகர்த்தி, தோள் எலும்புக்குப் பின்னால் தானாக நிற்கும் இடத்தில் விடுங்கள். அப்படியும் முன்பக்கம் உயர்ந்திருந்தால் சேணத்தின் சட்டம் அந்தக் குதிரைக்குக் குறுகலாக இருக்கலாம். அடியில் துணி மேல் துணி வைத்துச் சமாளிக்காதீர்கள். குறுகலான சேணத்தில் திண்டு சேர்த்தால் அது இன்னும் இறுகும், குதிரையின் முதுகு புண்ணாகும். சேணம் பொருத்தத் தெரிந்தவரிடம் காட்டுவதே வழி.

அளவையும் பாருங்கள். நடுவில் அமர்ந்தபின் பிட்டத்துக்குப் பின்னால் ஏறக்குறைய நான்கு விரல் இடம் மிச்சம் இருக்க வேண்டும். இடமே இல்லாத சிறிய சேணம் உங்களை முழங்கால் திண்டு மீது தள்ளும். மிகப் பெரியதில் ஒவ்வோர் அடிக்கும் முன்னும் பின்னும் வழுக்குவீர்கள். தடை தாண்டும் சேணத்தில் அங்கவடி மாட்டும் கம்பி முன்னால் இருக்கும், பக்கமடலும் (தொடைக்கு அடியில் தொங்கும் தோல்) முன்னோக்கி வெட்டியிருக்கும். அதில் நீண்ட வாரோடு சமதளச் சவாரி செய்தால் கால் முன்னே இழுக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். வேறு சேணம் கிடைக்காவிட்டால் வாரை ஓரிரு துளை குறைத்துக்கொள்வதே நல்லது.

அங்கவடி வாரின் நீளம்

தரையில் நின்றபடி தோராய அளவு எடுக்கலாம்: விரல் நுனியை வார் மாட்டும் கம்பியில் வைத்து, அங்கவடியைக் கையோடு நீட்டினால் அதன் அடிப்பகுதி அக்குளைத் தொட வேண்டும். கையும் காலும் எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் இருப்பதில்லை என்பதால் இது தொடக்கம் மட்டுமே. ஏறியபின் கால்களை அங்கவடியிலிருந்து எடுத்துத் தளர்வாகத் தொங்கவிடுங்கள். அங்கவடியின் மிதிபகுதி கணுக்கால் எலும்பின் உயரத்தில் இருந்தால் பொதுப் பயிற்சிக்குச் சரி. தாண்டுவதற்கு அதிலிருந்து இரண்டு மூன்று துளை குறையுங்கள்.

நீண்ட கால்தான் அழகு என்று எண்ணி வாரை நீட்டிக்கொள்பவர்கள் நிறைய. அப்படிச் செய்தால் அங்கவடியை எட்டிப் பிடிக்கப் பெருவிரல் கீழே போகும், குதிகால் மேலே வரும், எடை தொடை இடுக்குக்கு நகரும், சமநிலைக்கு முழங்காலால் கவ்வ வேண்டிவரும். தொடை தளர்ந்து, இடுப்பு திறந்து, கால் தானாக நீளும்போது வாரை ஒரு துளை கூட்டலாம். காலை நீட்ட வைப்பதற்காக வாரை நீட்டக் கூடாது.

இரண்டு வாரும் ஒரே துளையில் இருப்பதால் ஒரே நீளம் என்று நம்பிவிடாதீர்கள். எப்போதும் இடப்பக்கமாகவே ஏறுவதால் இடது வார் நாளடைவில் நீண்டுவிடும். இரண்டையும் கழற்றித் தொங்கவிட்டு அளந்து பாருங்கள். மாதம் ஒரு முறை இடம் மாற்றிப் போடுங்கள். ஏறுவதற்கு உயரமான மேடையைப் பயன்படுத்தினால் வாரும் தப்பும், குதிரையின் முதுகும் தப்பும்.

பாதுகாப்பில் சமரசம் வேண்டாம். அங்கவடியின் உள் அகலம் காலணியின் அகலத்தைவிட 2.5 செ.மீ. அளவு கூடுதலாக இருக்கட்டும். குறுகலானால் பாதம் சிக்கும். மிக அகலமானால் முழுப் பாதமும் உள்ளே நுழைந்துவிடும். இரண்டுமே விழும்போது குதிரையோடு இழுபடக் காரணமாகும். சிறிய குதி வைத்த, அடி வழவழப்பான காலணியும் தரச்சான்று பெற்ற ஹெல்மெட்டும் இல்லாமல் கீழே சொல்லும் எந்தப் பயிற்சியும் வேண்டாம்.

நின்ற குதிரையில் காலை அமைத்தல்

இது ஐந்து நிமிட வேலை. ஒவ்வொரு சவாரியின் தொடக்கத்திலும் செய்யலாம். குதிரையின் தலைப்பக்கம் ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்கட்டும்.

அங்கவடிகளை விட்டுவிடுங்கள். ஒரு கையால் முன்மேட்டைப் பிடித்தபடி இரண்டு முழங்கால்களையும் மெல்ல மேலே தூக்குங்கள். எடை முழுவதும் இருக்கை எலும்புகளில் இறங்குவது தெரியும். அந்த எலும்புகளை அதே இடத்தில் வைத்துக்கொண்டு கால்களைக் கீழே விடுங்கள். கால் இறங்கும்போது இடுப்பு முன்னால் கவிழ்ந்தால் மறுபடி தூக்கி, இன்னும் மெதுவாக விடுங்கள்.

அடுத்தது தொடை. வலது கையால் வலது தொடையின் பின்புறச் சதையைப் பிடியுங்கள். முழுக் காலையும் இடுப்பிலிருந்து பக்கவாட்டில் சேணத்தைவிட்டு ஒரு கை அகலம் தூக்கி, அந்தச் சதையைப் பின்னும் வெளியுமாக இழுத்து, தொடை சற்று உள்நோக்கித் திரும்பிய நிலையில் மறுபடி சேணத்தின் மேல் படிய வையுங்கள். தொடையின் தட்டையான உட்பக்கம் சேணத்தில் ஒட்டுவதும், முழங்கால் ஒரு அங்குலமாவது கீழே இறங்குவதும் உடனே தெரியும். இடதிலும் இதே. காலைத் தூக்கி வைத்திருப்பது இரண்டு மூன்று நொடிக்கு மேல் வேண்டாம். இடுப்பில் தசை பிடித்துக்கொள்ளும்.

தொடையை இப்படித் திருப்பாமல் பெருவிரலை மட்டும் உள்ளே திருப்புபவர்கள்தான் முழங்கால் வலி என்று வருகிறார்கள். பாதத்தைக் குதிரைக்கு இணையாக வைக்க வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. இடுப்பு அனுமதிக்கும் அளவுக்குப் பாதம் சற்று வெளியே பார்த்தால் பாதகமில்லை. முழங்கால் எந்தத் திசையைப் பார்க்கிறதோ அதே திசையைப் பாதமும் பார்க்கட்டும். பாதம் பக்கவாட்டில் விரிந்து, கெண்டைக்காலின் பின்புறம் குதிரையைத் தொட்டால்தான் அது தவறு. அப்படி இருந்தால் தொடையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

இப்போது கெண்டைக்கால் வயிற்றுப்பட்டையை (சேணத்தைக் குதிரையின் வயிற்றோடு சேர்த்துக் கட்டும் பட்டை) ஒட்டியோ, அதற்குச் சற்றுப் பின்னாலோ விலாவின் மேல் ஈரத்துணி போலப் படிந்திருக்கும். காலை அசைக்காமல் பெருவிரலை மட்டும் உயர்த்தி அங்கவடியைப் பிடியுங்கள். பெருவிரலின் அடிமேடு மிதிபகுதியின் மேல் வரட்டும். அங்கவடியை எடுப்பதற்காகக் காலை முன்னே நீட்டினால் இதுவரை செய்தது வீண். முதல் சில நாட்கள் உதவிக்கு நிற்பவர் அங்கவடியைக் காலில் மாட்டிவிடுவது நல்லது.

நடையில்

குதிரை நடக்கத் தொடங்கியதும் அதன் விலா ஒரு பக்கமும் மறுபக்கமுமாக அசைவது கெண்டைக்காலில் தெரியும். இடது பின்னங்கால் முன்னால் வரும்போது வயிறு வலப்பக்கம் ஆடும். உங்கள் இடது இருக்கை எலும்பு சற்றுத் தாழ்ந்து, இடது கால் தானாக உள்ளே விழும். அடுத்த அடியில் வலது. கால் தளர்வாக இருந்தால் மட்டுமே இதை உணர முடியும். குதிரையை முன்னே போகச் சொல்லும் அழுத்தத்தையும் இந்த ஆட்டத்தில்தான் கொடுக்க வேண்டும்: கால் உள்ளே விழும் தருணத்தில் ஒரு சிறு அழுத்தம், உடனே தளர்வு. பின்னங்கால் காற்றில் இருக்கும்போது கேட்டால்தான் அதனால் நீட்டி வைக்க முடியும். எல்லா அடியிலும் உதைத்துக்கொண்டே போகும் காலைக் குதிரை சில நாளில் காதில் வாங்காமல் விட்டுவிடும்.

குதிகால் எதற்குக் கீழே

கணுக்கால் ஓர் அதிர்வுதாங்கி. குதிரையின் ஒவ்வோர் அடியின் அதிர்வும் இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றிலும் பிரிந்து கரைய வேண்டும். குதிகால் விரலைவிடச் சிறிது தாழ்ந்திருப்பது, எடை காலின் பின்புறமாக வழிந்து கீழே போகிறது என்பதன் விளைவு. பயிற்சி செய்து கொண்டுவர வேண்டிய தனிக் கோலம் அன்று. பாதம் தரைக்கு இணையாக இருந்து கணுக்கால் மெல்ல மெல்ல மடங்கி விரிந்தால் அது நல்ல கால். குதிகால் மிகத் தாழ்ந்து கணுக்கால் பூட்டிக்கொண்டால் அது கெட்ட கால். அதிர்வு மேலே ஏறி முழங்காலிலும் அடிமுதுகிலும் உட்காரும்.

இதற்கான சிறந்த பயிற்சி, அங்கவடியில் எழுந்து நிற்பது. முதலில் நின்ற குதிரையில். கழுத்துப் பட்டையையோ பிடரி மயிரையோ பிடித்துக்கொள்ளுங்கள். கடிவாள வாரைப் பிடித்துத் தொங்கக் கூடாது, அது குதிரையின் வாயில் விழும். எழுந்து, முழங்காலைப் பூட்டாமல் நில்லுங்கள். பின்னால் சேணத்தில் பொத்தென்று விழுந்தால் பாதம் முன்னே இருக்கிறது. கழுத்தின் மேல் சரிந்தால் பாதம் பின்னே போய்விட்டது, அல்லது முழங்காலால் கவ்வுகிறீர்கள். கைப்பிடி இல்லாமல் நிற்க முடிகிற இடமே உங்கள் கீழ்க்காலுக்கு உரிய இடம். பத்து நொடி நிற்க வந்ததும் நடையில் முயலுங்கள், பிறகு ட்ராட்டில் (மூலைவிட்டக் கால்கள் ஜோடியாக நகரும் துள்ளோட்டம்).

அதன்பின் எழுந்து அமரும் ட்ராட்டில் (ஓர் அடிக்கு எழுந்து, மறு அடிக்கு அமர்வது) தாளத்தை மாற்றுங்கள்: இரண்டு அடிக்கு எழுந்து நின்று, ஒரு அடிக்கு அமருங்கள். மேல், மேல், கீழ். இந்த இரண்டாவது "மேல்" எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும். கால் இடத்தில் இல்லாவிட்டால் அங்கே நிற்கவே முடியாது. ஒவ்வொரு முறையும் மூலைவிட்டக் கால்ஜோடி மாறிவருவதால் இரண்டு பக்கத்துக்கும் சம வேலை கிடைக்கும். திடலின் ஒரு நீளப்பக்கம் செய்து, அடுத்த பக்கம் வழக்கம் போல் போய்ப் பாருங்கள். கீழ்க்கால் ஆட்டத்தைக் குறைக்க இதைவிட விரைவான வழி எங்களுக்குத் தெரியாது.

எழுந்து அமரும் ட்ராட்டில் காலை ஆட்டிவிடுவது பெரும்பாலும் அளவுக்கு மேல் எழுவதுதான். அங்கவடியை உதைத்து நேராக மேலே போகிறவரின் கால் ஒவ்வோர் அடியிலும் முன்னே பாயும். குதிரையின் முதுகு உங்களைத் தூக்கிவிடும். அந்த வேகத்தில் இடுப்பு முன்மேட்டை நோக்கிச் சிறிது முன்னே போய், பின்பு மெல்ல இறங்கினால் போதும். சேணத்துக்கும் உங்களுக்கும் நடுவே நாலைந்து செ.மீ. இடைவெளி வந்தாலே அதிகம்.

கெடும் இடங்களும் காரணங்களும்

முழங்கால் கவ்வல்தான் மிகப் பரவலானது. பயம் வந்தால் உடல் இயல்பாகச் செய்வது அது. முழங்கால் சேணத்தில் இறுகியதும் அதுவே அச்சாகிவிடும்: கீழே கெண்டைக்கால் பின்னால் போகும், மேலே உடல் முன்னால் கவிழும். குதிரை திடீரென நின்றால் கழுத்துக்கு மேல் பறப்பவர் இவர்தான். நடையில் இரண்டு முழங்கால்களையும் சேணத்திலிருந்து ஒரு விரல் அகலம் திறந்து பத்து அடி போங்கள். மறுபடி படிய விடுங்கள். பக்கமடலுக்கும் முழங்காலுக்கும் நடுவே பயிற்சியாளர் தன் உள்ளங்கையைச் சிரமமில்லாமல் நுழைக்க முடிந்தால் அளவு சரி.

கெண்டைக்காலால் கவ்வுபவரின் குதிகால் எப்போதும் மேலே இருக்கும். சுறுசுறுப்பான குதிரை இதனால் ஓடத் தொடங்கும். மந்தமான குதிரை மரத்துப்போகும். மரத்துப்போனதும் ஆள் இன்னும் இறுக்குவார். இந்தச் சுழலை உடைக்க வேண்டியவர் சவாரி செய்பவரே. மெல்லிய அழுத்தம் ஒன்று கொடுங்கள். பதில் இல்லாவிட்டால் காலுக்குப் பின்னால் சாட்டையால் ஒரு சிறு தட்டு. குதிரை முன்னே அடி வைத்ததும் எல்லாவற்றையும் தளர்த்துங்கள். கீழ்க்கால் அசையாமல் நிற்கும் வரை ஸ்பர் (காலணியின் குதிகாலில் மாட்டும் உலோக முள்) அணியக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்க எங்களுக்கு மனமில்லை.

நம் ஊர்ச் சவாரிப் பள்ளிகளில் பந்தய ஓட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற தரோபிரெட் இனக் குதிரைகள் நிறைய உண்டு. குட்டை வாரில் முதுகுக்கு மேல் குந்தியிருக்கும் ஜாக்கிகளுக்குப் பழகியவை அவை. நீண்ட கால் விலாவில் படிந்ததும் சில குதிரைகள் ஓடச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளும். அதற்குப் பயந்து காலை வெளியே விரித்துப் பிடித்தால் நிலைமை மோசமாகும். என்றாவது கால் தற்செயலாகப் பட்டவுடன் குதிரை துள்ளும். நடையில், மூடிய வட்டத்தில், கால் எப்போதும் இலேசாகத் தொட்டிருப்பதற்கு அதைப் பழக்குங்கள். சில வாரம் பிடிக்கும்.

அடிமுதுகை வளைத்து, தொடை இடுக்கில் எடை விழுந்து, கால் பின்னே இழுபட்ட நிலை நாற்காலி அமர்வுக்கு நேர் எதிர். தூரத்திலிருந்து பார்க்க நிமிர்ந்து அழகாகத் தோன்றுவதால் பல நாள் கண்டுபிடிக்கப்படாமலே போகும். சவாரிக்குப் பின் அடிமுதுகு வலித்தால் சந்தேகப்படுங்கள். ஒரு கையை அடிமுதுகில் புறங்கை படிய வைத்து நடையில் போய்ப் பாருங்கள். அங்கே குழி இருந்தால், தொப்புளை முதுகெலும்பு நோக்கி உள்ளிழுத்து, வால் எலும்பைக் கீழே விடுங்கள்.

கோணல் அமர்வைக் கண்டுபிடிப்பதும் திருத்துவதும் கடினம். ஒரு பக்கம் இடுப்புக்கு மேலே மடிந்து விலா இடுப்பை நெருங்கும். எடை மறுபக்கம் போகும். மடிந்த பக்கத்தின் அங்கவடி நீளமாகத் தோன்றும், அடிக்கடி நழுவும். உடனே அந்த வாரைக் குறைக்கத் தோன்றும். இரண்டு வாரும் சமம் என்று அளந்து பார்த்தபின் குறைக்காதீர்கள். குறைத்தால் கோணல் நிலைத்துவிடும். குதிரைக்கு நேர் பின்னால் நின்று யாரையாவது கைபேசியில் படம் எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் சட்டையின் நடுத்தையலும், சேணத்தின் பின்மேட்டு நடுவும், வாலும் ஒரே கோட்டில் வருகின்றனவா? வராவிட்டால், மடிந்த பக்கத்துக் கையை நேராக மேலே தூக்கி நடையில் இரண்டு சுற்று போங்கள், விலா திறக்கும். கை இறங்கிய பின்னும் அந்தத் திறப்பை வைத்துக்கொள்ள முடிகிறதா என்பதே சோதனை. சேணமே ஒரு பக்கம் நழுவியிருந்தால் குதிரையின் முதுகுத் தசை சமமில்லாமல் இருக்கலாம். பின்னங்காலில் நொண்டல் இருந்தாலும் அப்படி ஆகும். அப்போது மருத்துவர் பார்க்க வேண்டியது குதிரையை.

வட்டக்கயிற்றில் பயிற்சி

அமர்வைத் திருத்த, நீண்ட கயிற்றில் கட்டிய குதிரையைப் பயிற்சியாளர் தன்னைச் சுற்றி வட்டமாகப் போகவிடும் வட்டக்கயிற்றுப் பயிற்சிக்கு ஈடு இல்லை. குதிரையை நடத்தும் பொறுப்பு முழுவதும் நடுவில் நிற்கும் பயிற்சியாளரிடம் இருக்கும். உங்கள் கவனம் முழுவதும் உங்கள் உடலில். வியன்னாவின் ஸ்பானிஷ் சவாரிப் பள்ளியில் புதிதாகச் சேர்பவர்கள் அங்கவடியும் கடிவாள வாரும் இல்லாமல் நீண்ட காலம் இப்படிப் பழகிய பின்பே தனியாகக் குதிரையை நடத்துகிறார்கள்.

குதிரை அமைதியானதாக, இதற்கெனப் பழகியதாக இருக்க வேண்டும். வட்டம் 18 முதல் 20 மீட்டர் விட்டம். அதைவிடச் சிறிய வட்டம் குதிரையின் மூட்டுக்கும் கெடுதல், உங்களையும் வெளியே தள்ளும். கழுத்துப் பட்டை கட்டாயம். மொத்தம் 20 நிமிடம், இரண்டு திசையிலும் சமமாக. வட்டம் குதிரைக்கும் உங்களுக்கும் களைப்பு தரும் வேலை, இதற்கு மேல் இழுக்க வேண்டாம்.

அங்கவடிகளை எடுத்துக் குதிரையின் கழுத்தடியில் குறுக்காகப் போடும்போது, முதலில் வலது, அதன் மேல் இடது. அவசரமாக இறங்கி ஏற வேண்டியிருந்தால் இடதை மட்டும் எடுக்க முடியும். வாரின் கொக்கியைக் கொஞ்சம் கீழே இழுத்துக்கொண்டால் தொடைக்கு அடியில் உறுத்தாது.

முதலில் நடையில், ஒரு கையால் முன்மேட்டைப் பிடித்து, மறு கையைத் தோளிலிருந்து பின்னோக்கிச் சுழற்றுங்கள். பிறகு இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி உடலை இடமும் வலமும் திருப்புங்கள். இருக்கை எலும்பு இரண்டும் சேணத்தைவிட்டு எழக் கூடாது. கணுக்கால்களை இரு திசையிலும் சுழற்றுங்கள். ட்ராட்டுக்குப் போகும்போது அரை வட்டம், பிறகு நடை. மறுபடி அரை வட்டம்.

அமர்ந்த ட்ராட்டில் குதிரையின் முதுகு இடமும் வலமும் மாறி மாறித் தாழும். அதனோடு இருக்கை எலும்புகளும் ஒவ்வொன்றாக இறங்கினால் நீங்கள் ஒட்டியிருப்பீர்கள். இரண்டையும் ஒன்றாக அழுத்திப் பிடித்தால் துள்ளுவீர்கள். துள்ளத் தொடங்கியதும் உடல் தானாகக் கவ்வும். அந்த இடத்தில் நிறுத்தி நடைக்கு வர வேண்டும். "பழகிவிடும், விடாதே" என்று மேலும் நான்கு சுற்று ஓட்டும் பயிற்சியாளர் கவ்வலைத்தான் கற்றுக்கொடுக்கிறார். அதற்கு விலை கொடுப்பது அந்தக் குதிரையின் முதுகு. அங்கவடி இல்லாத பயிற்சி முதலில் இரண்டு மூன்று நிமிடம் போதும். களைக்கும் முன் நிறுத்தினால் அடுத்த நாள் ஒரு நிமிடம் கூடும்.

தடை தாண்டும்போது

வார் குட்டையாவதால் முழங்காலும் இடுப்பும் அதிகம் மடங்கும். தோள் முன்னே வரும், பிட்டம் சேணத்தைவிட்டுச் சற்றுப் பின்னே எழும். கீழ்க்கால் மட்டும் அதே இடத்தில், வார் செங்குத்தாக. இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி ஃபெடெரிகோ கப்ரில்லி (1868–1907) இந்த முன்னோக்கிய அமர்வைக் கொண்டுவருவதற்கு முன், தடையின் மேல் பின்னால் சாய்வதே வழக்கம். குதிரையின் வாயும் முதுகும் அடிபட்டன. தாண்டும்போது கீழ்க்கால் பின்னால் பறந்தால் காரணம் முழங்கால் கவ்வல்தான். தடையைத் தாழ்த்திவிட்டு, தரையில் கிடத்திய கம்புகளுக்கு மேல் இந்த நிலையில் ட்ராட் செய்வதே மருந்து. ட்ராட்டுக்குக் கம்புகளின் இடைவெளி சுமார் 1.3 மீட்டர்; குதிரையின் அடி நீளம் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள்.

வாரத்தைப் பிரிக்கும் விதம்

வாரத்தில் மூன்று சவாரி கிடைத்தால் ஒன்றை வட்டக்கயிற்றுக்கு ஒதுக்குங்கள். மற்ற இரண்டிலும் ஏறியதும் ஐந்து நிமிடம் கால் அமைத்தல், நடையில் எழுந்து நிற்பது, பிறகு "மேல், மேல், கீழ்". அதன்பின் அன்றைய பாடம். ஒரு சவாரிக்கு ஒரே ஒரு திருத்தம் போதும். தொடையை நினைக்கும் நாளில் கையை மறந்துவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒரே இடத்திலிருந்து, பக்கவாட்டிலும் பின்னாலும் படம் எடுத்து ஒப்பிடுங்கள். பழகிய கோணல்தான் நேராகத் தோன்றும். புதிய சரியான நிலை சில வாரம் தப்பாகவே தோன்றும். அதனால் உணர்வைவிடப் படத்தை நம்புங்கள்.

தொடையின் உட்பக்கமும் வயிறும் மறுநாள் இலேசாக வலித்தால் அது வேலை செய்த வலி. முழங்காலின் வெளிப்பக்கம் குத்தினால் பாதத்தை வலிந்து திருப்புகிறீர்கள், அல்லது வார் குட்டை. கால் மரத்துப்போனாலோ, வலி முதுகிலிருந்து காலுக்கு இறங்கினாலோ சவாரியை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

சேணத்தைக் கழற்றியதும் குதிரையின் முதுகைப் பாருங்கள். வியர்வைத் தடம் முதுகெலும்பின் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். வியர்த்த பரப்பின் நடுவே உள்ளங்கை அளவில் காய்ந்த திட்டு இருந்தால் அங்கே சேணம் அளவுக்கு மேல் அழுத்தியிருக்கலாம். பிறகு விரல் நுனிகளால் முதுகெலும்பின் இருபுறமும் தோளிலிருந்து இடுப்பு வரை ஒரே அழுத்தத்தில் தடவிச் செல்லுங்கள். குதிரை முதுகைத் தாழ்த்தினாலோ, காதைப் பின்னால் மடக்கினாலோ, தோல் துடித்தாலோ அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, அது ஆறும்வரை அமர்ந்த ட்ராட் செய்யாதீர்கள். அடுத்த சவாரிக்கு முன் சேணத்தையும் உங்கள் பின்பக்கப் படத்தையும் மறுபடி சரிபாருங்கள்.